பூஜ்யத்துக்குக் கீழே

சூலூர் வட்டாரத்துக் கம்பெனிகளில் மெர்சியைப் பற்றி ஒரு புகார் உண்டு. வந்த வேலை முடிந்த பிறகும் கிளம்ப மாட்டாள். கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு, சின்ன டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, உள்ளே எதையோ பார்த்துக்கொண்டே நிற்பாள். "சரியாப் போச்சுங்களா அம்மணி?" என்று கேட்டால் டார்ச்சை எடுத்துவிட்டு, "அதெல்லாம் அப்பவே ஆயிருச்சுங்க. இது எதுக்கு இந்த எடத்துல இருக்குதுன்னு பாக்கறேன்" என்பாள்.

நாற்பத்து மூன்று வயது. பிறந்தது கொடுமுடிப் பக்கம். அப்பாவும் அம்மாவும் பிறத்தியார் தோட்டங்களில் மஞ்சள் வெட்டவும் கரும்பு வெட்டவும் போனவர்கள். ஈரோட்டில் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, படிப்பு முடிந்த கையோடு கோயமுத்தூர் காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பில் போடத்தான் எடுத்தார்கள். ஆனால் பில் போடுகிற மேஜைக்கும் ரிப்பேர் மேஜைக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்புதான் இருந்தது.

அந்தக் கடைக்கு ஒருநாள் ஒருவர் கருகிய நாற்றத்தோடு ஒரு கார்டைக் கொண்டுவந்தார். முந்தின வாரம் அங்கேயே வாங்கிய, திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டு. வீட்டுக் கம்ப்யூட்டரின் தாய்ப்பலகையான மதர்போர்டில் அது இறங்கவில்லையாம். கார்டைச் செருகும் ஸ்லாட்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பல்லும் கார்டின் அடியில் இருக்கும் வெட்டும் ஒரே நேருக்கு வரவில்லை. "நீளமெல்லாம் சரியாத்தானுங்க இருந்துச்சு. அதனால அரத்தை வெச்சு இன்னொரு வெட்டு நானே போட்டேன். கச்சிதமா உக்காந்துச்சு. சுவிட்சப் போட்டதும் பொகை" என்றார். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். மெர்சி அந்தக் கார்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள்.

வெட்டு ஏன் ஒரு கார்டில் இடதுபக்கமாகவும் இன்னொன்றில் வலதுபக்கமாகவும் இருக்கிறது? கடையில் யாருக்கும் தெரியவில்லை. வாடிக்கையாளர்கள் வேண்டாம் என்று விட்டுப்போன மதர்போர்டுப் புத்தகங்கள் ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கிடந்தன. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒரு வாரம் கழித்து விடை கிடைத்தது. இரண்டு வகைக் கார்டுகளும் வேறு வேறு வோல்ட்டில் ஓடுபவை. மாற்றிச் செருகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பல். இடிப்பதுதான் அதன் வேலை. அரத்தால் ராவியவர் அந்த வேலையைத்தான் கெடுத்திருந்தார்.

மெர்சியின் இங்கிலீஷ் அந்த அட்டைப்பெட்டியில் படித்ததுதான். மற்றவர்கள் படம் பார்த்துவிட்டு மூடிவைக்கும் புத்தகத்தில், பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைத்தான் அவள் முதலில் படிப்பாள். இந்த ஸ்லாட்டில் கார்டைப் போட்டால் அந்த ஹார்டு டிஸ்க் தெரியாது, இரண்டையும் போட்டால் வேகம் பாதியாகும் என்கிற மாதிரிச் சங்கதியெல்லாம் அங்கேதான் இருக்கும்.

சூலூரில் விசைத்தறிப் பட்டறை ஒன்றில் பிட்டராக இருக்கும் கதிரைக் கட்டிக்கொண்டு வந்த பிறகு, கடை வேலையை விட்டுவிட்டு ஸ்கூட்டரில் சுற்ற ஆரம்பித்தாள். வீடுகளுக்குப் போவதில்லை. மிஷின்களோடு கட்டிப்போட்ட கம்ப்யூட்டர்கள்தான் அவளுடைய பிழைப்பு. கடைசல் மிஷின், எம்பிராய்டரி மிஷின், பஞ்சின் நீளம் அளக்கும் கருவி, எதுவாக இருந்தாலும் கதை ஒன்றுதான். மிஷின் முப்பது வருடம் நிற்கும். அதை ஓட்டுகிற கம்ப்யூட்டர் பத்து வருடம்கூட நிற்காது. இரண்டுக்கும் நடுவே ஒரு கார்டு இருக்கும். அந்தக் கார்டு மாதிரி இன்னொன்று உலகத்தில் எங்கும் கிடைக்காது. புதிதாக வருகிற மதர்போர்டை அந்தப் பழைய கார்டோடு எப்படியாவது ஒத்துப்போக வைக்க வேண்டும்.

சாய்குமாரின் பம்பு கம்பெனியிலும் அப்படித்தான் அவளைக் கூப்பிட்டார்கள்.

சாய்குமாருக்கு ஐம்பது வயதுக்கு மேல். அவருடைய தாத்தா பருத்தி விதைத்த பூமியில் அப்பா பட்டறை போட்டார். இவர் காலத்தில் அது தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் பம்பு செய்யும் கம்பெனியாகிவிட்டது. செய்து முடித்த ஒவ்வொரு பம்பையும் ஒரு மேடையில் ஏற்றி ஓட்டிப் பார்ப்பார்கள். மேடைக்குக் கீழே தொட்டி. பம்பு அதிலிருந்து தண்ணீரை உறிஞ்சி மேலே தள்ளும். உறிஞ்சும் குழாயில் ஓர் அளவி, தள்ளும் குழாயில் ஓர் அளவி, தண்ணீர் போகிற வேகத்துக்கு ஓர் அளவி, கரண்டுக்கு ஒன்று. நான்கும் ஒரு தகரப் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து கம்ப்யூட்டரில் செருகிய ஒரு கார்டுக்குப் போகும். கார்டு அவற்றை எண்ணாக்கும். புரோகிராம் கணக்குப் போட்டு, பம்பின் திறன் இத்தனை சதவீதம், பாஸ் அல்லது பெயில் என்று ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்கும்.

அந்தக் கார்டுக்குப் பதினெட்டு வயது. அதைச் செய்த கம்பெனி இப்போது இல்லை. புரோகிராம் எழுதிய பையன் எந்த நாட்டில் இருக்கிறான் என்றும் தெரியாது.

அந்தக் கம்ப்யூட்டரின் மதர்போர்டு ஒரு வியாழக்கிழமை செத்தது. திறந்து பார்த்தபோது கரண்டைத் தேக்கும் கெப்பாசிட்டர்க் குப்பிகள் தலை உப்பிக் கிடந்தன. மெர்சி புதுப் போர்டு வாங்கினாள். புதுப் போர்டுகளில் இந்தக் கார்டு இறங்குகிற பழைய நீள ஸ்லாட் கிடையாது. எல்லாம் குட்டையான புது வகை. இரண்டுக்கும் நடுவே போடுவதற்கென்று ஓர் அடாப்டர் கிடைக்கிறது. ஒரு முனையைப் புது ஸ்லாட்டில் செருகிவிட்டு, மறுமுனையில் இருக்கும் பழைய ஸ்லாட்டில் கார்டை உட்கார வைக்கலாம். அதை வாங்கி மாட்டினாள். கம்ப்யூட்டர் கார்டை அடையாளம் கண்டுகொண்டது. புரோகிராம் திறந்தது. பம்பு ஓடாதபோது நான்கு அளவும் பூஜ்யம். சாய்குமாரே வந்து ஒரு பம்பை ஓட்டிக் காட்டினார். அழுத்தம் ஏறியது, தண்ணீர் அளவு ஏறியது. அந்தப் பம்பு பெயில் என்று தாள் வந்தது. ஒன்றிரண்டு பெயிலாவது வழக்கம்தான் என்றார் அவர்.

"பொருந்திருச்சுங்க சார்" என்று சொல்லிவிட்டு மெர்சி கிளம்பினாள். அன்றைக்கு மட்டும் ஏனோ டார்ச்சை வாயில் வைக்கவில்லை. அடுத்து அவினாசி ரோட்டில் ஒரு வேலை காத்துக்கொண்டிருந்தது.

பதினேழு நாள் கழித்து மறுபடி அங்கே போனாள். பிரிண்டரில் தாள் மாட்டிக்கொள்கிறது என்று கூப்பிட்டிருந்தார்கள்.

டெஸ்ட் மேடைக்குப் பக்கத்தில் சுவரோரமாகப் பம்புகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் பெயில் என்ற சிவப்பு அட்டை. எண்ணிப் பார்த்தாள், முப்பத்தொன்று. நடுவில் கிடந்த மேஜையில் ஓர் இம்பெல்லரை, அதாவது பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரத்தை, இரண்டாக அறுத்து வைத்திருந்தார்கள். மேஜைக்கு ஒரு பக்கம் சாய்குமார். எதிர்ப்பக்கம் ஒரு முப்பது வயதுக்காரர். இம்பெல்லர் வார்த்துக் கொடுக்கும் பவுண்டரியை நடத்துகிற ரிஃபத் அவர்தான் என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

இருவரும் சண்டைதான் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் குரல் உயரவில்லை.

"உங்களக் கொற சொல்லோணும்னு இல்லீங்க ரிஃபத். உங்க இம்பெல்லர் போட்டதுதான் வரிசையா உளுகுது. நான் என்னங்க பண்ணட்டும்?"

"அளந்து பாருங்கண்ணா. அதுக்குத்தான் அறுத்தே கொண்டாந்தேன். சக்கரத்து எலை கனம் அதே கனம், வளைவு அதே வளைவு. அச்சும் மாத்தலீங்க, மணலும் மாத்தலீங்க. ஏழு வருசமா பாஸானது இந்த மாசம் எப்படிங்கண்ணா பெயிலாவும்?"

"அதத்தானுங்க நானும் கேக்கறேன்."

மேடையருகே நின்றிருந்த சென்னியப்பன் தலையை ஆட்டினார். பம்புகளை ஓட்டிப் பார்க்கிற வேலை அவருடையது. மெர்சி போர்டு மாற்றிய அன்றைக்குக் காரமடையில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். பிரிண்டரைக் குடைந்துகொண்டிருந்த மெர்சியின் பக்கம் குனிந்து சொன்னார்: "எனக்கு என்னமோ பம்பு மேல சந்தேகம் இல்லீங்க அம்மணி. கைய வெச்சுப் பாத்தா அதிர்வே இல்ல. சத்தமும் சுத்தமா இருக்குது. தண்ணி அதே வேகத்துல போவுது. ஆனா தாள்ல மட்டும் பெயிலுங்குது."

மெர்சியின் கை பிரிண்டருக்குள் அப்படியே நின்றது. "எந்தத் தேதியில இருந்துங்கண்ணா?"

சென்னியப்பன் நோட்டைப் புரட்டினார். "பதினாலாந் தேதி காலைல மொதப் பம்பு. அன்னிக்கி மூணுல ரெண்டு உளுந்துச்சு."

பதின்மூன்றாம் தேதி மதியம்தான் அவள் புதுப் போர்டை மாட்டினாள்.

தன் வேலைதான் காரணமோ என்று பயந்தாள். ஆனால் அந்தப் பயத்துக்குள்ளேயே வேறொன்றும் தலைதூக்கியது. அது எப்படி முடியும்? கார்டு கெட்டிருந்தால் எதுவுமே வராது. போர்டு ஒத்துப்போகவில்லையென்றால் கம்ப்யூட்டர் கார்டைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. இது கண்டுகொள்கிறது, எண் வருகிறது, தாள் வருகிறது. அப்புறமும் தப்பாக இருக்க முடியுமா?

எழுந்து மேஜைக்குப் போனாள். "சார், பம்பு உளுக ஆரம்பிச்சது நான் போர்டு மாத்துனதுக்கு மறுநாளுங்க."

சாய்குமார் அவள் பக்கம் திரும்பினார். "அதனால? பிரஷர் வருது, தண்ணி அளவு வருது. கம்ப்யூட்டர் கெட்டா மொத்தமாவல்ல கெடும்? கொஞ்சமாக் கெடுமா?"

"எனக்கும் அதேதானுங்க சந்தேகம். ஒரு மணி நேரம் குடுங்க, பாத்துச் சொல்றேன்."

ரிஃபத் அறுத்த இம்பெல்லரைத் துணியில் சுற்றிக்கொண்டே, "நானும் இருந்து பாக்கறனுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

தாளில் வருவதெல்லாம் கணக்குப் போட்டு முடித்த எண்கள். மெர்சிக்கு வேண்டியது கணக்குக்கு முந்தைய எண்கள். புரோகிராமைத் துழாவி, நான்கு அளவிகளின் வோல்ட்டும் அதற்குரிய அளவும் தனித்தனியாகத் தெரியும் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். சென்னியப்பனே அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. ஒரு பம்பை ஓட்டச் சொன்னாள். கரண்டு ஏறியது. தண்ணீர் வேகம் ஏறியது. தள்ளும் குழாயில், தண்ணீரைப் பதினெட்டு மீட்டர் உயரம் ஏற்றும் அளவுக்கு அழுத்தம். உறிஞ்சும் குழாயில் பூஜ்யம்.

"இந்தப் பூஜ்யம் சரிங்களாண்ணா?" என்று கேட்டாள்.

சென்னியப்பன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "அதெப்படி அம்மணி பூஜ்யம் வரும்? தண்ணி மூணு மீட்டர் கீழல்ல கெடக்குது. உறிஞ்சித்தானே மேல கொண்டாருது? அங்க மைனஸ்ல காட்டோணும். பூஜ்யம்னா பம்பு தண்ணியே இழுக்கலைன்னு அர்த்தமுங்க."

ஆனால் எதிரே குழாயிலிருந்து தண்ணீர் தொட்டிக்குள் கொட்டிக்கொண்டிருந்தது.

மெர்சி தகரப் பெட்டியைத் திறந்து மல்டிமீட்டரை வைத்தாள். உறிஞ்சும் அளவியிலிருந்து வரும் ஒயரில் மைனஸ் ஒன்று புள்ளி நான்கு வோல்ட் இருந்தது. அளவி ஒழுங்காகத்தான் சொல்கிறது. கார்டுக்குத்தான் அது கேட்கவில்லை. அல்லது கார்டில் அந்த ஒயர் நுழையும் வாசல் மட்டும் கெட்டுவிட்டதா?

சுவரைப் பார்த்தாள். கடிகாரம் பதினொன்று இருபது காட்டியது. ஸ்டூலில் ஏறி அதைக் கழற்றி, முதுகிலிருந்த பேட்டரிக் கட்டையை உருவினாள்.

"நேரஞ் செரியில்லீன்னு கடியாரத்த நிறுத்தறீங்களா?" என்றார் ரிஃபத்.

மெர்சி பம்பை நிறுத்தச் சொல்லிவிட்டு, உறிஞ்சும் அளவியின் ஒயரைக் கழற்றி, அந்த இடத்தில் பேட்டரியைப் பிடித்தாள். திரையில் ஒன்று புள்ளி ஐந்து வோல்ட். வாசல் கெடவில்லை. பேட்டரியைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தாள். மைனஸ் ஒன்று புள்ளி ஐந்து வர வேண்டும். வந்தது பூஜ்யம். மறுபடி திருப்பினாள், ஒன்று புள்ளி ஐந்து. மறுபடி தலைகீழாக, பூஜ்யம். மற்ற மூன்று வாசல்களிலும் செய்து பார்த்தாள். அதே கதைதான். நான்கு வாசலும் பூஜ்யத்துக்கு மேலே கணக்காக அளந்தன. பூஜ்யத்துக்குக் கீழே இருக்கிற எதுவும் அந்தக் கார்டுக்குத் தெரியவில்லை. மற்ற மூன்று அளவிகளும் கீழே போகிறவை அல்ல என்பதால் அவற்றில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"மொத்த ஒசரத்துல அந்த மூணு மீட்டரக் கணக்குல சேக்காம உட்டுருக்குதுங்க" என்றாள். "இருவத்தொண்ணு வர வேண்டியது பதினெட்டுன்னு வருது. அதான் எல்லாப் பம்பும் ஏழுல ஒரு பங்கு கொறயுது."

சாய்குமார் எழுந்துவந்து திரையைப் பார்த்தார். அப்புறம் சுவரோரம் நின்ற சிவப்பு அட்டைகளைப் பார்த்தார். அவர் முகம் கறுத்தது. "ஏம்மா, பதினேழு நாளுங்க. நாலு மோட்டாரப் பிரிச்சுக் கம்பி வேற சுத்திப்போட்டோம். இவங்க இம்பெல்லர அறுத்தே கொண்டாந்துட்டாங்க."

"தப்பு என்னுதுதானுங்க சார். கார்டு தெரியுதான்னு பாத்தேன். அது பாக்க வேண்டியதயெல்லாம் பாக்குதான்னு பாக்காமப் போயிட்டேன்."

சாய்குமார் திரையை விரலால் தட்டிக் கேட்டார். "செரி பண்ண முடியுமா?"

"ஏன் இப்படின்னு மொதல்ல தெரியோணுங்க. நாளைக்கு ஞாயித்துக்கெழமதான? கார்டயும் அடாப்டரயும் கொண்டுபோய்ப் பாத்துட்டுத் திங்கக்கெழம வாரேன்."

ஞாயிறு சர்ச்சுக்குப் போய்விட்டு வந்ததும் சேலைகூட மாற்றாமல் ஜன்னலோரம் மேஜையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெயில் கார்டின்மேல் விழுந்தது. கையில் ஒரு பூதக்கண்ணாடி, பக்கத்தில் மல்டிமீட்டர். மதர்போர்டு மாறியதும் ஒரு கார்டு சுத்தமாக ஊமையாகிவிடுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். பாதி உலகத்தை மட்டும் பார்க்கிற கார்டை இதற்கு முன் பார்த்ததில்லை. சங்கடமாக இருந்தாலும், அந்தப் புதிரை அவிழ்க்கும் ஆசையை அவளால் மறைத்துக்கொள்ள முடியவில்லை.

வெளியிலிருந்து வரும் வோல்ட்டை முதலில் வாங்குவது எட்டுக் கால் உள்ள ஒரு சின்னச் சில்லு. அப்படிப்பட்ட சில்லுக்கு இரண்டு பக்கமும் கரண்டு வேண்டும் என்று பாலிடெக்னிக்கில் படித்தது ஞாபகம் இருந்தது. ஒரு காலில் பிளஸ் பன்னிரண்டு வோல்ட், இன்னொரு காலில் மைனஸ் பன்னிரண்டு. பிளஸ் வரும் காலைப் பிடித்துக்கொண்டு தாமிரக் கோட்டின் வழியே போனாள். அது ஸ்லாட்டில் இறங்கும் தங்கப் பற்களில் ஒன்றில் முடிந்தது. மைனஸ் வர வேண்டிய காலைப் பிடித்தாள். கோடு ஒரு துளைக்குள் இறங்கி மறுபக்கம் போய், ஒரு கெப்பாசிட்டரைச் சுற்றி, கார்டின் ஓரத்தில் எல்லாவற்றுக்கும் முதலாவதாக இருக்கும் தங்கப் பல்லில் வந்து நின்றது.

அப்புறம் அடாப்டரை எடுத்தாள். அதன் ஸ்லாட்டில் அந்த முதல் பல் தொடும் இடத்தில் மல்டிமீட்டரின் ஒரு முனையை வைத்துவிட்டு, மறுமுனையால் அடாப்டர் முழுக்கத் தேடினாள். இணைப்பு இருந்தால் வரும் பீப் சத்தம் எங்கேயும் வரவில்லை. அந்த இடத்திலிருந்து எந்தக் கோடும் கிளம்பவேயில்லை. ஸ்லாட்டில் இடம் இருந்தது, கரண்டு இல்லை.

"ஏனுங்க, இங்க பாருங்க!" என்று கத்தினாள்.

கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கதிர் கத்தியோடு வந்தார். மெர்சி விளக்கினாள். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "மைனஸ்னா இல்லாததுதான? இல்லாதது இல்லாமப் போனா என்ன கெட்டுப்போச்சு?" என்றார்.

"மைனஸ்னா இல்லாதது இல்லீங்க. நம்ம ஊட்டுத் தரையப் பூஜ்யம்னு வெச்சுக்கங்க. மாடி மேல இருக்குது, தண்ணித் தொட்டி கீழ இருக்குது. தொட்டிக்குள்ள எறங்க வழி இல்லீன்னா, தண்ணி எவ்வளவு ஆழத்துல கெடக்குதுன்னு எப்படி அளப்பீங்க? தரையோட நின்னுக்குவீங்க. இந்தச் சில்லும் அப்படித்தான் தரையோட நின்னுபோச்சு."

"பழைய போர்டுல எறங்குச்சா?"

"அதுல அந்த வழி இருந்துச்சுங்க. பழைய வகை ஸ்லாட்டு எல்லாத்துலயும் இருக்கோணும்னு எழுதியே வெச்சிருப்பாங்க. இப்ப வர்ற கார்டு எதுக்கும் அது வேண்டாம். அதனால அடாப்டர் செஞ்சவன், யாருக்கு வேணும்னு உட்டுட்டான். கம்ப்யூட்டரும் கேக்காது. நீ யாருன்னு கார்டக் கேக்கும், கார்டு பேரச் சொல்லும், அவ்வளவுதான். உனக்குச் சாப்பாடு முழுசா வந்துச்சான்னு அது கேக்கறதில்லீங்க."

"பேரச் சொன்னதும் நீயும் நம்பிட்ட."

"நானும் நம்பிட்டேன்" என்றாள் மெர்சி.

மைனஸ் பன்னிரண்டு வோல்ட்டுக்கு எங்கே போவது? கம்ப்யூட்டரின் பவர் சப்ளையிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் இருபத்துநாலு ஒயர்க் கட்டில் நீல நிறத்தில் ஒற்றை ஒயர் ஒன்று இருக்கிறது. இத்தனை வருடமாக அதைப் பார்த்திருக்கிறாள். புத்தகங்களிலும் படித்திருக்கிறாள். எந்தப் பொருளும் அதை நிஜமாகவே நம்பியிருந்து அவள் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கே கம்பெனியில் இருந்தாள். அவளுக்கு முன்பே ரிஃபத் வந்திருந்தார். மெர்சி முதலில் அந்த நீல ஒயரை அளந்தாள். மைனஸ் பதினொன்று புள்ளி ஒன்பது. அதிலிருந்து ஒரு கிளை பிரித்து, நடுவில் சின்னதாக ஒரு பியூஸ் வைத்து, அடாப்டர் ஸ்லாட்டின் முதல் பல்லுக்குப் பின்புறம் கொண்டுபோய் ஈயம் வைத்தாள். பக்கத்துப் பல்லோடு ஒட்டிக்கொள்ளவில்லையே என்று பூதக்கண்ணாடி வைத்து மூன்று தடவை பார்த்தாள். கார்டைப் போடாமலே ஒருமுறை கரண்டு கொடுத்து அளந்தாள். வேறு எந்தப் பல்லிலும் வரக் கூடாதது வரவில்லை. பிறகுதான் கார்டை இறக்கினாள்.

கடிகாரத்தின் பேட்டரியை நேராகப் பிடித்தாள். ஒன்று புள்ளி ஐந்து. பிறகு தலைகீழாகத் திருப்பினாள்.

மைனஸ் ஒன்று புள்ளி ஐந்து.

"வந்துருச்சுங்க!" என்று கத்தியது சென்னியப்பன்தான். ரிஃபத் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டார்.

மெர்சி நான்கு வாசலையும் நேராகவும் தலைகீழாகவும் சோதித்து முடித்தாள். அதன் பிறகு வரிசையில் முதலாவதாக நின்ற சிவப்பு அட்டைப் பம்பை மேடையில் ஏற்றச் சொன்னாள். உறிஞ்சும் குழாயில் மைனஸ் மூன்று புள்ளி ஒன்று மீட்டர். மொத்தம் இருபத்தொன்று. முன்பு நாற்பத்துநாலு சதவீதம் என்று வந்த அதே பம்புக்கு ஐம்பத்திரண்டு என்று தாள் வந்தது. பாஸ்.

சாய்குமார் அந்தத் தாளை வாங்கி இன்னொரு தடவை படித்தார். பிறகு ரிஃபத்திடம் திரும்பினார். "மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க. நாலு பேத்துகிட்ட உங்க காஸ்டிங்கப் பத்திப் பேசிப்போட்டேன். அவங்ககிட்டயே இன்னிக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன்."

"முப்பத்தொண்ணும் ஓடி முடியட்டுங்கண்ணா" என்றார் ரிஃபத்.

ஓடி முடிய இரண்டு நாள் ஆனது. மெர்சிக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. ஆனாலும் இரண்டு நாளும் மதியத்துக்கு மேல் வந்து உட்கார்ந்தாள். இருபத்தொன்பது பம்புகள் பாஸாயின. இரண்டு மறுபடியும் விழுந்தன. ஒன்றில் மோட்டார் சுற்றில் கோளாறு. இன்னொன்றைப் பிரித்து இம்பெல்லரை எடுத்தபோது, ஓர் இலையின் உள்பக்கம் மணல் ஒட்டி வார்த்திருந்தது கையிலேயே தட்டுப்பட்டது. சென்னியப்பன் அதை ரிஃபத்திடம் நீட்டினார்.

ரிஃபத் விரலால் தடவிப் பார்த்தார். "இது என்னுதுதானுங்க" என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டார். போகும்போது மெர்சியிடம் நின்று, "அக்கா, எங்க பவுண்டரியில உருக்குன இரும்புல என்ன எவ்வளவு இருக்குதுன்னு பாக்கற மிஷின் ஒண்ணு இருக்குதுங்க. அதுலயும் இந்த மாதிரிப் பழைய கார்டுதான். போன வருசம் யாரோ போர்டு மாத்துனாங்க. எண்ணெல்லாம் ஒழுங்காத்தான் வருது. ஆனா இப்ப அத நெனச்சாத் தூக்கம் வரமாட்டீங்குது" என்றார்.

மெர்சியின் கண் பளிச்சென்றது. "அடாப்டர் போட்டிருக்குதுங்களா, இல்ல போர்டுலயே ஸ்லாட்டு இருக்குதுங்களா?"

"அதெல்லாம் எனக்கு எங்கிங்க தெரியும்?"

"நாளைக்கிக் காலைல வாரேனுங்க. மிஷினோட புத்தகம் இருந்தா எடுத்து வெய்ங்க. கிழிஞ்சிருந்தாலும் பரவால்லீங்க."

அவர் போன பிறகு டெஸ்ட் கம்ப்யூட்டரின் தகட்டை மூட எடுத்தாள். மூடுவதற்கு முன், கறுப்பு மார்க்கரை எடுத்துத் தகட்டின் உள்பக்கம் கொட்டை எழுத்தில் எழுதினாள்: 'நீல ஒயரைக் கழற்ற வேண்டாம். கழற்றினால் எல்லாம் ஓடும், ஆனால் உறிஞ்சும் அளவு பூஜ்யம் காட்டும். கார்டையோ போர்டையோ மாற்றினால் பேட்டரியைத் தலைகீழாகப் பிடித்தும் பார்க்கவும்.'

கீழே தேதியும் தன் பெயரும் போன் நம்பரும் எழுதிவிட்டு, திருகுகளை முடுக்கினாள்.